பிஎல்சி டேட்டா ரிஜிஸ்டர்: பேனல் முன்னால் நின்று அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலூர் சிட்கோ, கே.புதூர், வாடிப்பட்டி பக்கத்து மில்கள், மேலூர் ரைஸ் மில்கள் என்று எங்கே போய்ப் பேனலைத் திறந்தாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இவைதான். டிப்ளமோ முடித்து வந்த தம்பிகளும் கேட்கிறார்கள், இருபது வருஷம் கான்டாக்டரும் ரிலேயும் பார்த்த எலக்ட்ரீசியன் அண்ணன்களும் கேட்கிறார்கள். பிஎல்சி என்றால் மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர், டேட்டா ரிஜிஸ்டர் என்றால் அதன் மெமரியில் எண் வைக்கும் ஓர் இடம். உதாரணத்துக்குப் பெரும்பாலும் மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யு என்ற பிஎல்சியை எடுத்திருக்கிறேன், தேவைப்படும் இடத்தில் டெல்டா, சீமன்ஸ். தமிழில் எழுதும்போது டேட்டாவும் டைமரும் ஒரே ‘டி’யாகத் தெரியும், அதனால் இந்தப் பக்கத்தில் டி100 என்றால் டேட்டா ரிஜிஸ்டர் மட்டும்தான். டைமரை டைமர் என்றே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ரிஜிஸ்டர் ரிஜிஸ்டர்னு சொல்றீங்களே, அதுக்குள்ள என்னதான் இருக்கு?

16 பிட். அவ்வளவுதான். 16 இடம், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. டி100-இல் இருப்பது வெப்பநிலையா, மூட்டைக் கணக்கா, ரெசிபி நம்பரா என்று பிஎல்சிக்குத் தெரியவே தெரியாது. மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரிதான்: எண் இடத்தைக் காட்டும், அங்கே இருப்பது யாருடைய செருப்பு என்று சொல்லாது.

பிறகு அர்த்தம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் போடும் இன்ஸ்ட்ரக்‌ஷனிலிருந்து. 16 பிட்டும் 1 ஆக இருக்கும் ஒரு ரிஜிஸ்டரைச் சாதாரண எண்ணாகப் படித்தால் -1, குறி இல்லாத எண்ணாகப் படித்தால் 65535, ஹெக்ஸில் (பதினாறின் கணக்கில்) எஃப்எஃப்எஃப்எஃப். மூன்றும் சரிதான். லேடர் (பிஎல்சிக்குள் ஓடும் புரோகிராம்) ஒரு விதமாகவும் எச்எம்ஐ (ஆபரேட்டர் எண் அடிக்கும் திரை) இன்னொரு விதமாகவும் படித்தால் இரண்டு இடத்திலும் வேறு வேறு எண் வரும், உடனே ‘கார்டு போச்சு’ என்று ஒரு குரல் வரும். கார்டு போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எண் தப்பாக வருகிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது அந்த ரிஜிஸ்டரில் வேறு யார் எழுதுகிறார்கள், யார் எந்த வகையாகப் படிக்கிறார்கள் என்பதைத்தான். புது கார்டுக்கு ஆர்டர் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

எக்ஸ், ஒய், எம், டி எல்லாம் ஒரே மெமரிதானே, எதுக்கு இத்தனை பேர்?

வேலை வேறு. எக்ஸ் என்பது இன்புட், ஒய் என்பது அவுட்புட், எம் என்பது உள்ளேயே இருக்கும் பிட், டி என்பது 16 பிட் எண். எஃப்எக்ஸில் எக்ஸும் ஒய்யும் எட்டின் கணக்கில் ஓடும்: எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10, எக்ஸ்8 எக்ஸ்9 கிடையாது. எம், டி எல்லாம் வழக்கமான பத்தின் கணக்கு.

இன்னொன்று, எக்ஸ்0 என்பது டெர்மினலில் வந்து சேரும் வயர் அல்ல. ஒவ்வொரு ஸ்கேன் (லேடர் ஒரு சுற்று ஓடுவது) தொடக்கத்திலும் பிஎல்சி எல்லா இன்புட்டையும் ஒரு தடவை பார்த்து உள்ளே குறித்துக்கொள்ளும், லேடர் முழுக்க அந்தக் குறிப்பை வைத்துத்தான் ஓடும், கடைசியில்தான் ஒய் எல்லாம் வெளியே போகும். சென்சார் ஒரு ஸ்கேனுக்குள் வந்து போய்விட்டால் லேடருக்கு அது வரவே இல்லை.

டைமருக்கும் கவுண்டருக்கும் இரண்டு முகம் உண்டு, கான்டாக்ட் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் மதிப்பு ஒன்று. டைமர் 0 முதல் 199 வரை 100 மில்லிசெகண்ட் கணக்கு என்பதால் கே50 (கே என்றால் நேரடி எண், இங்கே 50) போட்டால் 5 செகண்ட். அதே கே50-ஐ டைமர் 200-க்குப் போட்டால் அது 10 மில்லிசெகண்ட் டைமர், அரை செகண்டில் முடிந்துவிடும். ‘டைமர் வேகமா ஓடுது சார்’ என்று வந்தால் நம்பரைப் பாருங்கள்.

மூட்டைக் கவுண்ட் திடீரென்று மைனஸில் போகிறது. ஏன்?

ரைஸ் மில் பேக்கிங் லைனில் இது நடக்கும். ஒரு டி ரிஜிஸ்டரில் வைக்க முடிந்த பெரிய எண் 32767. அதில் ஒன்று கூட்டினால் 32768 வராது, -32768 வரும். இன்க்ரிமென்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் அப்படியே சுற்றிவிடும். ஒரு நாளைக்கு ஆயிரம் மூட்டை என்றால் 33-வது நாள் மைனஸ் வரும். டெஸ்டிங்கில் யாரும் அவ்வளவு மூட்டை ஓட்டிப் பார்ப்பதில்லை என்பதால், புரோகிராம் போட்டவர் பில் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் இது தெரியவரும்.

தீர்வு, 32 பிட்டாக மாற்றுவது. டி200-இல் எண்ணிக்கொண்டிருந்தால் இன்க்ரிமென்டை 32 பிட் இன்க்ரிமென்டாக மாற்றுங்கள், அப்போது டி200, டி201 இரண்டும் சேர்ந்து ஒரே எண், சிறிய நம்பரில் கீழ்ப்பாதி. எச்எம்ஐயிலும் அந்த டிஸ்ப்ளேயை 32 பிட் ஆக்க வேண்டும், பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். டி201-ஐ வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்று பார்த்துவிட்டு அதில் 0 போடுங்கள். அங்கே ஏதாவது பழைய எண் 3 என்று கிடந்தால் உங்கள் மூட்டைக் கணக்கில் 3 தடவை 65536 கூடிவிடும். ஒரு நல்ல விஷயம்: ஒரு தடவைதான் மைனஸுக்குப் போயிருக்கிறது, இன்னும் 0-ஐத் தாண்டவில்லை என்றால் பழைய கணக்கு தொலையவில்லை. டி201-இல் 0 வைத்து 32 பிட்டாகப் படித்தால் -32768 என்று தெரிந்தது 32768 ஆகவே தெரியும். பிட்கள் மாறவில்லை, படிக்கும் விதம்தான் மாறியது. முதலாளியிடம் கணக்குச் சொல்ல அது போதும்.

நான் தொடவே இல்லாத ரிஜிஸ்டர் தானாக 0 ஆகிறதே?

தானாக எதுவும் ஆகாது. இந்தக் கேள்வி வந்தால் நான் முதலில் தேடுவது பெருக்கலும் வகுத்தலும்தான்.

எஃப்எக்ஸில் ‘டி10-ஐயும் டி11-ஐயும் பெருக்கி டி12-இல் போடு’ என்று எழுதினால் விடை டி12-இல் மட்டும் போகாது. 16 பிட்டை 16 பிட்டால் பெருக்கினால் 32 பிட் வரும், அதனால் டி12, டி13 இரண்டையும் எடுத்துக்கொள்ளும். லேடர் திரையில் டி13 என்ற எழுத்தே இருக்காது. இப்போது டி13-இல் ஹீட்டர் செட் டெம்பரேச்சர் இருக்கிறது என்று வையுங்கள். பெருக்கல் விடை சின்னதாக இருந்தால் மேல்பாதி 0, ஹீட்டர் செட் பாயின்ட் 0. விடை மைனஸாகிவிட்டால் மேல்பாதி -1. ஆபரேட்டர் எச்எம்ஐயில் 180 என்று அடிப்பார், என்டர் தட்டுவார், அவர் கண் முன்னாலேயே அது 0 ஆகும். எச்எம்ஐயை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், பையை ஒட்டும் சீலிங் கம்பிக்கு ஹீட் வரவே வராது.

வகுத்தலும் அப்படித்தான், விடை டி12-இல், மீதி டி13-இல். 32 பிட் பெருக்கல் என்றால் நான்கு ரிஜிஸ்டர் போய்விடும். கிராஸ் ரெஃபரன்ஸில் (எந்த ரிஜிஸ்டர் லேடரில் எங்கே வருகிறது என்ற பட்டியலில்) டி13 என்று மட்டும் தேடிவிட்டு ‘யாரும் எழுதவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள், முன்னால் இருக்கும் டி12-ஐயும் தேடுங்கள். 32 பிட் மூவ், ஒரு பிளாக்கை மொத்தமாகக் காப்பி செய்யும் பிளாக் மூவ், ஒரே மதிப்பை வரிசையாக நிரப்பும் ஃபில் மூவ், இன்டெக்ஸ் ரிஜிஸ்டரோடு வரும் டி100இசட்0 மாதிரி அட்ரஸ், இவை எல்லாம் திரையில் ஒரு எண்ணைக் காட்டிவிட்டு வேறு எண்களிலும் கை வைப்பவை. இசட்0-இல் 25 இருந்தால் டி100இசட்0 என்பது டி125. இசட்0 எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை வைக்காத லேடரை நான் நம்புவதில்லை.

எனர்ஜி மீட்டரில் ஃபிரீக்வென்சி 16968 என்று வருகிறது. மீட்டர் கோளாறா?

மீட்டர் நன்றாக இருக்கிறது. 16968 என்பது ஹெக்ஸில் 4248, அது தசம எண்ணாக 50.0-இன் மேல்பாதி. தசம எண் 32 பிட் எடுக்கும், ஐஇஇஇ 754 என்ற முறைப்படி, அதாவது இரண்டு ரிஜிஸ்டர். நீங்கள் அதில் ஒன்றை மட்டும் முழு எண்ணாகப் படிக்கிறீர்கள். 16967-க்கும் 16968-க்கும் நடுவே தள்ளாடினால் சந்தேகமே வேண்டாம், லைன் 50 ஹெர்ட்ஸைச் சுற்றி அசைகிறது. அதேபோல் வோல்டேஜ் இடத்தில் 17254 என்று வந்தால் அது 230.

சரி, இரண்டையும் சேர்த்துப் படித்தும் திரையில் 0.000 வருகிறதா? பாதிகள் மாறிக் கிடக்கின்றன. மீட்டர் மேல்பாதியை முதலில் அனுப்புகிறது, உங்கள் பிஎல்சி கீழ்ப்பாதியை முதலில் எதிர்பார்க்கிறது, அப்போது 50.0 என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எண்ணாகிவிடும். இரண்டு ரிஜிஸ்டரையும் இடம் மாற்றிப் போடுங்கள், முடிந்தது.

தசம எண்ணைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், இதில்தான் பணம் போகிறது. ஆர்ஓ பிளான்ட்டில் ஃப்ளோ மீட்டர் ஒரு பல்ஸுக்கு 0.1 லிட்டர் கொடுக்கிறது, லேடர் ஒவ்வொரு பல்ஸுக்கும் மொத்தத்தில் 0.1 கூட்டுகிறது, மொத்தம் தசம எண்ணாக இருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். மொத்தம் 10,48,576 லிட்டரைத் தாண்டியதும் அந்த எண்ணால் 0.125-க்குக் குறைந்த படியை ஏற முடியாது, அருகில் இருக்கும் மதிப்புக்கு வட்டமிடும் கன்ட்ரோலரில் ஒவ்வொரு 0.1-ம் 0.125 ஆகக் கூடும், அதாவது கால் பங்கு அதிகம். 20,97,152-ஐத் தொட்டதும் படி 0.25 ஆகிவிடும், 0.1 அதில் ஏறவே ஏறாது, மொத்தம் அங்கேயே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று ஒன்றாகக் கூட்டினால் 1,67,77,216-இல் நிற்கும். அதனால் கூட்டிக்கொண்டே போகும் எதையும் தசம எண்ணில் வைக்காதீர்கள். பல்ஸை 32 பிட் முழு எண்ணாக எண்ணுங்கள், 214 கோடிக்கு மேல் போகும், திரையில் காட்டும்போது மட்டும் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

கரண்ட் போனால் எந்த ரிஜிஸ்டர் அழியும், எது நிற்கும்?

எஃப்எக்ஸ்3யு-வில் டி0 முதல் டி199 வரை அழியும். டி200 முதல் டி511 வரை நிற்கும், ஆனால் பாராமீட்டரில் அந்த எல்லையை மாற்ற முடியும் என்பதால் பழைய மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. டி512 முதல் டி7999 வரை எப்போதும் நிற்கும். எம் பிட்டிலும் இப்படி ஒரு கோடு உண்டு, எம்500-இலிருந்து நிற்கும் பகுதி.

நிற்பது எதனால்? பேட்டரியால். எஃப்எக்ஸ்3யு-வில் மெமரி கேசட் போடவில்லை என்றால் புரோகிராமும் அதே பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் ஃபேன் நின்றுபோன பேனலுக்குள் கை விட்டுப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சூட்டில் பேட்டரி ஆயுள் குறையும். முன்பக்கம் பேட் என்ற விளக்கு எரிந்தால் ‘அது ரொம்ப நாளா எரியுது சார்’ என்று விட்டுவிடாதீர்கள், மெஷின் ஓடும்வரை ஒன்றும் தெரியாது, நீண்ட பவர் கட் ஒன்று வந்தால் போதும், ரெசிபியும் புரோகிராமும் சேர்ந்து போகும். எம்8005 அதே தகவலைப் பிட்டாகக் கொடுக்கிறது, அதை எச்எம்ஐ அலாரத்தில் கட்டிவிடுவது நல்லது.

சீமன்ஸ் எஸ்7-1200-இல் இதற்கெல்லாம் பேட்டரி கிடையாது, எந்த மதிப்பு நிற்க வேண்டும் என்று நீங்களே ரிட்டெய்ன் என்பதை டிக் செய்ய வேண்டும். டிக் செய்யாதது நிற்காது, அது அதன் குற்றமும் இல்லை.

நிற்கும் பகுதிக்கு இன்னொரு குணம் உண்டு, குப்பையும் நிற்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎல்சியில் புது புரோகிராம் ஏற்றினாலும் டி600-இல் பழைய மெஷினின் எண் அப்படியே உட்கார்ந்திருக்கும். மெமரி க்ளியர் செய்துவிட்டு ஏற்றுங்கள்.

நிற்கும் பகுதியில்தான் செட் பாயின்ட் வைத்திருக்கிறேன், ஆனாலும் பவர் வந்ததும் பழைய எண்ணுக்கே போகிறது. ஏன்?

எம்8002-ஐத் தேடுங்கள். ரன்னுக்கு வந்த முதல் ஸ்கேனில் மட்டும் ஆன் ஆகும் பிட் அது, அதில் ‘கே500-ஐ டி520-க்கு மூவ் செய்’ என்று யாராவது டீஃபால்ட் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, டி520 0 ஆக இருந்தால் மட்டும் டீஃபால்ட் போடு என்று ஒரு கம்பேர் வையுங்கள். பவர் போகாமலேயே, அடித்த உடனேயே எண் திரும்புகிறதென்றால் அது வேறு: லேடரில் கண்டிஷன் இல்லாத மூவ் ஒவ்வொரு ஸ்கேனிலும் அங்கே எழுதிக்கொண்டிருக்கிறது.

சீமன்ஸில் எம்டபிள்யூ10, எம்டபிள்யூ11 இரண்டும் பயன்படுத்தினேன், ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறுகிறது?

மிட்சுபிஷி பழக்கத்தில் வருபவர்கள் எல்லோரும் இதில் விழுகிறார்கள். அங்கே எண் ரிஜிஸ்டரின் எண் இல்லை, பைட்டின் எண் (8 பிட் ஒரு பைட், இரண்டு பைட் ஒரு வேர்டு). எம்டபிள்யூ10 என்றால் 10-வது, 11-வது பைட். எம்டபிள்யூ11 என்றால் 11-வது, 12-வது பைட். 11-வது பைட் இரண்டுக்கும் பொது. எம்டபிள்யூ10-இல் 1 எழுதிப் பாருங்கள், 12-வது பைட் 0 ஆக இருந்தால் எம்டபிள்யூ11-இல் 256 தெரியும், ஏனென்றால் சீமன்ஸில் மேல்பாதி பைட் முதலில் வரும். வேர்டுக்கு இரட்டை எண்ணாகத் தாண்டுங்கள், 32 பிட்டுக்கு நான்கு நான்காக.

இதைவிட நல்லது, எம் பகுதியை விட்டுவிட்டு டேட்டா பிளாக்கில் பெயர் வைத்து எழுதுவது. இடம் ஒதுக்குவதை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் வெளியிலிருந்து அட்ரஸ் வைத்து வந்து படிக்கும் பழைய ஸ்காடா (கம்ப்யூட்டரில் ஓடும் கண்காணிப்பு சாஃப்ட்வேர்) இருந்தால் அந்த பிளாக்கின் ஆப்டிமைஸ்டு ஆக்சஸ் என்பதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நிலையான அட்ரஸே இருக்காது.

மாட்பஸில் 40001 என்கிறார்கள், டெல்டாவில் டி0 எங்கே?

மாட்பஸ் என்பது மெஷின்கள் வயரில் பேசிக்கொள்ளும் முறை, மோடிகான் கம்பெனி 1979-இல் வெளியிட்டது, அதன் நான்கு அட்டவணைகள் இன்றைக்கும் அப்படியே: 0-இல் தொடங்குவது காயில், 1-இல் தொடங்குவது இன்புட் பிட், 3-இல் தொடங்குவது இன்புட் ரிஜிஸ்டர், 4-இல் தொடங்குவது ஹோல்டிங் ரிஜிஸ்டர். அந்த 4 வயரில் போகாது. 40001 என்று மேனுவல் சொல்வது வயரில் 0-வது ரிஜிஸ்டர், அதனால்தான் ஒன்று தள்ளி வரும் தொல்லை. சில மேனுவல் ஒன்றிலிருந்து எண்ணும், சில பூஜ்யத்திலிருந்து. தெரிந்த ஒரு மதிப்பைப் படித்துப் பாருங்கள், பக்கத்து எண்ணில் வந்தால் ஒன்று தள்ளுங்கள்.

டெல்டா டிவிபியில் டி0 என்பது ஹெக்ஸ் 1000, அதாவது 4096. டி100 வேண்டுமென்றால் வயரில் 4196, ஸ்காடாவில் 44197 என்று போட வேண்டும். ஒரே கேள்வியில் (வயரில் போகும் ஒரு ரிக்வெஸ்டில்) 125 ரிஜிஸ்டர் வரைதான் வாங்க முடியும். அதனால் ஸ்காடாவுக்குப் போக வேண்டியதை எல்லாம் டி100-இலிருந்து வரிசையாக ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் ஒரே கேள்வியில் முடியும். டி5, டி340, டி1200 என்று சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கேள்வி, ஆர்எஸ்485 லைனில் திரை நகராமல் நிற்கும்.

டி8000-க்கு மேல் இருப்பதை நான் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது, அது பிஎல்சியின் சொந்த இடம். படித்துக்கொள்ளலாம். டி8010-இல் ஸ்கேன் நேரம் 0.1 மில்லிசெகண்ட் கணக்கில் இருக்கும், டி8013 முதல் டி8019 வரை கடிகாரம்: செகண்டில் தொடங்கிக் கிழமை வரை.

புது மெஷினுக்கு ரிஜிஸ்டர் எப்படிப் பிரிப்பீர்கள்?

ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. நான் கணக்குப் போடும் இடைநிலை எண்களை டி0 முதல் டி199-க்குள் அடைத்துவிடுவேன், அழிந்தால் அழியட்டும். எச்எம்ஐயில் மனிதர் அடிக்கும் எண்கள் டி600-இலிருந்து, நிற்கும் மொத்தக் கணக்குகள் டி800-இலிருந்து, ரெசிபி டி1000-க்கு மேல், ஒரு ரெசிபிக்கு 50 என்று இடம் விட்டு. 32 பிட் எண்கள் எல்லாம் இரட்டை எண்ணில் தொடங்க வேண்டும், இது பிஎல்சியின் சட்டம் அல்ல, ஆனால் ஒற்றை எண்ணில் ஒரு 32 பிட் தொடக்கத்தைப் பார்த்தால் உடனே தப்பு என்று கண்ணில் படும். எச்எம்ஐ எழுதும் ரிஜிஸ்டரில் லேடர் எழுதக் கூடாது, லேடர் எழுதுவதில் எச்எம்ஐ எழுதக் கூடாது, இதில் மட்டும் நான் சமரசம் செய்வதில்லை.

டேக் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு? கன்ட்ரோல்லாஜிக்ஸ் பிஎல்சியில் நம்பரே இல்லையே?

உண்மைதான், அங்கே நம்பருக்குப் பதில் டேக் என்ற பெயர்தான். இடிக்கும் பிரச்சினை பாதி போய்விடும். ஆனால் டிண்ட் (32 பிட் முழு எண்) 214 கோடியில் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போகத்தான் செய்யும், ரியலில் (தசம எண்ணில்) 0.1 கூட்டினால் நிற்கத்தான் செய்யும். இந்தப் பக்கம் மில்களில் ஓடுவதில் நிறைய இன்னும் நம்பர் வைத்த பிஎல்சிதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிஎல்சி மாற்றப் போகிறேன், புரோகிராம் அப்லோட் செய்துவிட்டேன். போதுமா?

போதாது. புரோகிராம் வேறு, ரிஜிஸ்டரில் இருக்கும் மதிப்பு வேறு. மிட்சுபிஷியின் ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்2 சாஃப்ட்வேரில் பிஎல்சியிலிருந்து படிக்கும்போது டிவைஸ் மெமரி என்பதையும் தனியாக டிக் செய்தால்தான் டி மதிப்புகள் வரும். அதை விட்டுவிட்டால் புது பிஎல்சி அழகாக ஓடும், எல்லா செட் பாயின்டும் 0. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஒவ்வொரு நூல் கவுண்டுக்கும் மாஸ்டர் பல மாதம் பார்த்துப் பார்த்துச் சரி செய்த எண்கள் அவை, லேடரில் எங்கேயும் எழுதியிருக்காது. எச்எம்ஐயின் ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், டிவைஸ் மெமரி ஃபைல் இருந்தாலும்.

கமென்ட், அதாவது எந்த டி எதற்கு என்ற குறிப்பு, வருமா என்றால், எழுதியவர் பிஎல்சிக்குள் கமென்டுக்கு இடம் ஒதுக்கி ஏற்றியிருந்தால்தான் வரும், பெரும்பாலும் வராது. வெறும் டி எண்களோடு ஒரு லேடர் கையில் கிடைத்தால் மெஷின் ஓடும்போது பேட்ச் மானிட்டரைத் திறந்து வைத்து, எச்எம்ஐயில் ஒரு எண்ணை மாற்றி எந்த டி மாறுகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாகக் கமென்ட் எழுதிக்கொண்டு வாருங்கள். எண்ணை மாற்றும்போது ஆபரேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் ஓடும் செட்டிங்கை ஷிப்ட் நடுவில் தொடாதீர்கள். எழுதி முடித்த லிஸ்டை ஒரு பிரின்ட் எடுத்துப் பேனல் கதவின் உள்பக்கம் வயரிங் டிராயிங்கோடு சொருகிவிடுங்கள், லேப்டாப்பில் மட்டும் வைத்தால் அது உங்களோடு வேறு கம்பெனிக்குப் போய்விடும்.